இடித்த வீட்டுச் சன்னலும் ஈத்தாமொழிச் சிரட்டையும்: பழைய பொருளில் வீட்டு அலங்காரம் செய்யத் தொடங்குபவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை எந்தச் சாலையில் போனாலும், எங்காவது ஓரிடத்தில் பழைய ஓட்டு வீடு பிரிக்கப்படுவதைப் பார்க்கலாம். முதலில் ஓடு இறங்கும். பிறகு ஓட்டைத் தாங்கும் பட்டியல் சட்டங்கள், அவற்றுக்கு அடியிலுள்ள சாய்வு மரமான கழுக்கோல், உத்திரம். அதற்குப் பிறகு கதவும் நிலையும். தேக்கு, ஈட்டி, பலாக் கதவுகளை வியாபாரிகள் முன்பே பேசி வைத்திருப்பார்கள். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். கடைசியில் முற்றத்து ஓரத்தில் ஒரு குவியல் மிஞ்சும்: ஒற்றைச் சன்னல் கதவு, ஓரடி நீளக் கட்டைத் துண்டுகள், துருப்பிடித்த கொண்டி (கதவைப் பூட்டும் கொக்கி), மூலை உடைந்த ஓடு, விறகுக்கென்று ஒதுக்கிய பலகை. அந்தக் குவியல்தான் நமக்கானது.

எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் கண்ணாடி, திண்ணையில் எரியும் விளக்கு, வாசலில் இருக்கும் பெயர்ப்பலகை எல்லாம் அப்படிப்பட்ட குவியல்களிலிருந்து வந்தவை. புதிதாகக் கற்க வருகிறவர்கள் பொருளைக் கையில் எடுத்ததும், "இதை வைத்து என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது இதுவரை என்ன வேலை செய்தது? ஐம்பது வருடம் ஓட்டின் பாரத்தைத் தாங்கிய பட்டியல், புத்தகத் தட்டின் பாரத்தையும் தாங்கும். மழைச்சாரலுக்கு முகம் கொடுத்து நின்ற சன்னல் கதவு, குளியலறைக்கு வெளியே உள்ள ஈரத்துக்கு அஞ்சாது. வீட்டுக்குள்ளேயே இருந்த மச்சுப் பலகையைக் கொண்டுபோய் வெயிலும் மழையும் படும் மொட்டைமாடியில் வைத்தால் ஒரு வருடத்தில் வளைந்துவிடும். பழைய வேலையைத் தெரிந்துகொண்டால் புதிய வேலை தானாகத் தெரியும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு பாடத்தைத்தான் கருவியும் அளவும் சேர்த்துச் சொல்லப்போகிறேன்.

பொருள் எங்கே கிடைக்கும்

முதலில் உங்கள் சொந்த வீட்டுக்குப் பின்னால் பாருங்கள். விறகுப்புரையிலும் மாட்டுத்தொழுவத்தின் பரணிலும் இல்லாத பொருளே கிடையாது. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் விழுந்த பலாவும் ஆயினி என்னும் காட்டுப்பலாவும் இன்னும் துண்டு துண்டாகக் கிடக்கும் தோட்டங்கள் உண்டு. அவற்றைக் கேட்டு வாங்குங்கள். ரப்பர் தடியை மட்டும் தவிர்த்துவிடலாம். பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் வண்டு சீக்கிரம் துளைபோடும், நீலப் பூஞ்சை படியும்.

அடுத்தது ஆக்கர் கடை, அதாவது பழைய இரும்புக் கடை. கீல், கொண்டி, தாழ்ப்பாள், பித்தளைக் குமிழ், பழைய செம்புக் கம்பி எல்லாம் எடைக்கு எடை கிடைக்கும். காலையில் போங்கள். சரக்கைத் தரம் பிரிப்பதற்கு முன்னால் போனால்தான் ஜோடி ஜோடியாக எடுக்கலாம். மரம் அறுக்கும் தடிமில்லில் வெட்டி ஒதுக்கிய ஓரப் பலகைகளும் பயன்படும், ஆனால் அவை பச்சை மரம். உலர ஆறு மாதமாவது ஆகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு பிரிக்கும் இடத்துக்குப் போனால், வேலையாட்களிடம் பேசுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். விற்பனை ஒப்பந்தம் யாருடைய கையில் இருக்கிறதோ அவரிடம் காசு கொடுங்கள். சுவர் நிற்கும்போது உள்ளே நுழையாதீர்கள். உத்திரம் இறக்கிய சுண்ணாம்புச் சுவருக்குப் பிடிமானம் கிடையாது.

கடற்கரை ஊர்களில் கிழிந்த வலையும் மிதவையும் கிடைக்கும். ஆனால் குளச்சலிலோ முட்டத்திலோ மணலில் விரித்துக் கிடக்கும் வலையைப் பார்த்துவிட்டு, யாரும் வேண்டாம் என்று போட்டது என எண்ணிவிடாதீர்கள். அது காயப்போட்டது, அல்லது கிழிசல் பார்க்கப் பிரித்துப் போட்டது. பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். கழித்த வலை எங்கே இருக்கிறது என்று அவர்களே காட்டிவிடுவார்கள்.

சரக்குப் பெட்டிகளும், சரக்கை அடுக்கி ஏற்றும் பலகைத் தட்டுகளும் (பேலட்) கடைகளுக்குப் பின்னால் கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த தட்டுகளில் ஒரு முத்திரை சூடு போட்டதுபோல் இருக்கும். அதில் ஆங்கிலத்தில் ஹெச்.டி. என்று இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்னும் நச்சு வாயுவில் புகையேற்றியது; வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். முத்திரையே இல்லாமல் எண்ணெய்க் கறையும் ரசாயன வாடையும் உள்ள தட்டையும் விட்டுவிடுங்கள்.

எதைத் தொடக்கூடாது

இதை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். பழைய வீட்டின் பரணிலிருந்து ஓலைச்சுவடிக் கட்டு கிடைத்தால், அதை வெட்டிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாதீர்கள். அப்படி மாட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்; மனம் ஆறவில்லை. ஓர் ஏடு வீட்டு அழகுக்காகப் போனால், அதோடு ஒரு மருத்துவக் குறிப்போ நிலக்கணக்கோ பாட்டோ தொடர்பறுந்து போகிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி, மதிப்புள்ள சுவடி 75 ஆண்டும், சிற்பம் முதலான பொருள்கள் 100 ஆண்டும் கடந்துவிட்டால் அவை தொல்பொருள்கள். கன்னியாகுமரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது; அங்கே காட்டிக் கேளுங்கள். கோயில், தேர், சப்பரம் ஆகியவற்றின் மரச்சிற்பத் துண்டு என்று சந்தேகம் வந்தாலும் அதே வழிதான்.

பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, கடல் குதிரை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. எவ்வளவு அழகாக இருந்தாலும் அலங்காரத்துக்கு எடுக்கக் கூடாது. மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணலையும் கண்ணாடிக் குப்பியில் நிரப்பி அலமாரியில் வைக்க வேண்டாம். அந்த மணலில், கதிர்வீச்சுள்ள தோரியம் அடங்கிய மோனசைட் என்னும் கனிமம் கலந்திருக்கிறது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டை அறுக்கவோ துளைக்கவோ தேய்க்கவோ கூடாது. அதன் இழைத்தூசி நுரையீரலில் தங்கிவிடும். பழைய பெயின்ட் பற்றியும் ஒரு செய்தி. 2017 நவம்பர் முதல்தான் நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமல் எதிலும் ஈயம் இருக்கலாம். எனவே பழைய பெயின்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள். கீழே பிளாஸ்டிக் விரித்து, சுரண்டியதைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவிகள்

தொடக்கத்தில் அதிகம் வேண்டாம். சுத்தியல், ஆணி பிடுங்கும் குறடு, இரண்டு அளவில் திருப்புளி, ஒரு கைவாள், இரும்பறுக்கும் ஹாக்சா பிளேடு, அரை அங்குல உளி, அளவு டேப், மூலைமட்டம், 80 முதல் 400 வரையிலான எண்ணுள்ள உப்புத்தாள்கள் (எண் கூடக் கூடத் தாள் மெல்லிய சொரசொரப்பு). டிரில் மெஷினைச் சொந்தமாக வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று வேலைக்கு இரவல் வாங்கிப் பாருங்கள். முகக்கவசமும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். கூரையிலிருந்து வரும் பனஞ்சட்டமான பனங்கையை அறுக்கும்போது கனத்த கையுறை போடுங்கள். பனையின் கறுப்பு நார் ஊசிபோல் சிராய் கொடுக்கும், தோலுக்குள் ஒடிந்து நின்றுவிடும்.

ஸ்குரூ வாங்கும்போது மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இது கடலோர மாவட்டம். சாதாரண இரும்பு ஸ்குரூ உப்புக்காற்றில் சீக்கிரமே துரு வடிக்கும். மரத்தில் கறுப்புக் கறை இறங்கும். எவர்சில்வர் அல்லது பித்தளை ஸ்குரூவே போடுங்கள்.

ஈரம்

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நம் மாவட்டத்தை நனைக்கின்றன. தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் எழுதிய மரவேலைக் குறிப்புகள் இங்கே அப்படியே பலிப்பதில்லை என்பதற்கு இதுதான் காரணம். என் முதல் கண்ணாடிச் சட்டத்தை நான் ஜூன் மாதம் செய்தேன். கைக்கு உலர்ந்ததுபோல் இருந்ததால் அவசரப்பட்டுக் கண்ணாடியை இறுக்கிப் பொருத்திவிட்டேன். மாசியில் வெயில் ஏறியபோது சட்டம் சுருங்கிக் கண்ணாடியை நெருக்கியது. ஒரு மத்தியான நேரத்தில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. மேல் மூலையிலிருந்து நடு வரைக்கும் ஒரு விரிசல் ஓடியிருந்தது.

அப்போது பக்கத்து ஊரில் மரவேலை செய்யும் பெரியவர் ஒருவர் சொன்னதை இன்றும் கடைப்பிடிக்கிறேன். "மக்களே, கையால் தொட்டு ஈரம் பார்க்காதே. தராசில் போட்டுப் பார்" என்றார். வழி எளிது. மரத்தை நிழலில், காற்றோட்டமான திண்ணையில், தரையில் படாமல் குச்சிகள் வைத்து அடுக்குங்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை எடை போட்டு மரத்தின் மீதே பென்சிலால் எழுதுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து, தொடர்ந்து மூன்று முறை ஒரே அளவில் நின்றால் உலர்ந்துவிட்டது. வீட்டுக்குள் இருந்த பழைய மரத்துக்கு இரண்டு வாரம் போதும். மழையில் நனைந்து கிடந்ததற்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். நேர்வெயிலில் போடாதீர்கள். ஒரு பக்கம் முதலில் காய்ந்து பலகை தோணிபோல் வளையும்.

உலர வைக்கும் நாட்களில் மரத்துக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து வையுங்கள். காலையில் தாளில் மாவு மாதிரிப் பொடி உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. அந்தத் துண்டை மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். பெயின்ட் கடையில் கிடைக்கும் மரப் பாதுகாப்பு மருந்தை, டப்பாவில் எழுதியுள்ளபடி, வெளியில் வைத்துப் பூசுங்கள். முன்பெல்லாம் கழுக்கோலுக்கு அண்டி எண்ணெய், அதாவது முந்திரித் தோட்டு எண்ணெய் பூசுவார்கள். கரையான் அண்டாது என்பது உண்மை. ஆனால் அது தோலைப் பொள்ளவைக்கும், மரத்தையும் கறுக்கடித்துவிடும். வீட்டுக்குள் தொங்கப்போகும் பொருளுக்கு அது வேண்டாம்.

முதல் வேலை: சன்னல் கதவில் முகக்கண்ணாடி

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. சட்டம் ஏற்கெனவே செய்து கிடக்கிறது. ஓரடி அகலம், இரண்டடி உயரம் உள்ள ஒற்றைக் கதவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. விரல் முட்டியால் நான்கு மூலையையும் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் மரம் திடமாக இருக்கிறது. பொத்தென்று கேட்கும் இடத்தில் திருப்புளி முனையால் குத்துங்கள். சோப்பில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்தக் கதவை விட்டுவிடுங்கள்.

2. கீலையும் கொண்டியையும் கழற்றுங்கள். துருப்பிடித்த ஸ்குரூவோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் திருப்புளியை அதன் தலையில் பொருத்தி, பிடியின் மேல் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள். ஆணி பிடுங்கும்போது குறட்டுக்கு அடியில் சிறு பலகைத் துண்டு கொடுத்தால் மரத்தில் பள்ளம் விழாது. கழற்றிய கொண்டியைத் தூக்கி எறியாதீர்கள், கடைசியில் வேண்டும்.

3. ஈரத்துணியாலும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷாலும் துடையுங்கள். வாளி வாளியாக நீர் ஊற்ற வேண்டாம். பெயின்ட் இருந்தால் மேலே சொன்ன முறையில் நனைத்துச் சுரண்டுங்கள். பிறகு உலர்த்தி எடை பாருங்கள்.

4. நடுப்பலகை சட்டத்தின் காடிக்குள், அதாவது உள்விளிம்பில் வெட்டிய பள்ளத்துக்குள், செருகியிருக்கும். சட்டத்தின் மூலைகளைப் பிரிக்காதீர்கள். மரமுனையில் செதுக்கிய நாக்கான கழுந்தைத் துளையில் இறக்கி மர ஆணி அடித்த மூலைகள் அவை. பிரித்தால் அதே இறுக்கம் திரும்ப வராது. சந்தேகம் இருந்தால் ஒருநாள் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் அங்குள்ள மரக்கூட்டின் இணைப்புகளைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அங்கே கண்டது உங்கள் கையிலுள்ள சன்னல் கதவின் மூலையிலும் சின்ன அளவில் தெரியும். எனவே பின்பக்கத்துக் காடி விளிம்பை மட்டும் உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுங்கள். பலகை பின்பக்கமாக வெளியே வந்துவிடும்.

5. இப்போது அளவு. பழைய சட்டம் எதுவும் சரியான செவ்வகமாக இருக்காது. அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், உயரத்தையும் அப்படியே மூன்று இடத்திலும் எடுங்கள். மிகக் குறைந்த அளவிலிருந்து நான்கு மில்லிமீட்டர் கழியுங்கள். கோணல் அதிகமாக இருந்தால் அட்டையை வெட்டிப் பொருத்திப் பார்த்து, அந்த அட்டையையே கண்ணாடிக் கடையில் கொடுங்கள். நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி கேளுங்கள்.

6. கண்ணாடியைச் சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி வைத்து, மேலே மெல்லிய துணி, அதன்மேல் ஆறு மில்லிமீட்டர் பிளைவுட், பிறகு சிறு ஸ்குரூ. கண்ணாடியைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டாதீர்கள். மரம் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். அதற்கு இடம் வேண்டும்.

7. மாட்டுவதற்கு முன் எடையைக் கணக்கிடுங்கள். நான்கு மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ. 25-க்கு 50 சென்டிமீட்டர் கண்ணாடி என்றால் ஒன்றேகால் கிலோ. மரமும் பிளைவுடும் சேர்ந்தால் நான்கு ஐந்து கிலோவாகலாம். பழைய சுண்ணாம்புச் சுவரில் வெறும் ஆணி நிற்காது. டிரில் போட்டு, பிளக் வைத்து, இரண்டு கொக்கிகளில் மாட்டுங்கள். ஒற்றை ஆணியில் கம்பி கட்டித் தொங்கவிடுவது ஆபத்து.

பின்பக்கம் நான்கு மூலையிலும் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டுகளை ஒட்டுங்கள். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் காற்று ஓடும். மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும் நம் ஊரில் கண்ணாடியின் பின்பூச்சு கறுத்துப்போகாமல் இருக்க இது போதும். கழற்றி வைத்த கொண்டியைக் கழுவி எண்ணெய் தேய்த்து, பழைய இடத்திலேயே திரும்ப மாட்டுங்கள். சாவியைத் தொங்கவிட அதுவே கொக்கி.

என் அத்தை வீட்டுச் சன்னல் கதவில், கொண்டிக்குப் பக்கத்தில் விரல் அளவுக்கு ஒரு வழவழப்பான பள்ளம் இருக்கிறது. அறுபது வருடம் விடியற்காலையில் அதைத் திறந்த கைகள் தேய்த்த பள்ளம். உப்புத்தாள் போடும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். தேய்மானம், உளித்தடம், மழைக்கோடு ஆகியவற்றை அழித்துவிட்டுப் பளபளப்பு ஏற்றினால் கடையில் வாங்கியதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. நல்ல மரத்துக்கு மேல் தடித்த பெயின்ட் அடிக்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வதற்கும் அதுதான் காரணம்.

மெழுகு போடுதல்

மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்போன ஊர். தேன் எடுப்பவர்களிடம் தேன்மெழுகு கேட்டால் கிடைக்கும். ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு தேங்காய் எண்ணெய், எடைக் கணக்கில். மெழுகை நேராக அடுப்பில் வைக்காதீர்கள். பெரிய பாத்திரத்தில் நீரைச் சூடாக்கி, அதற்குள் சிறு பாத்திரத்தை வைத்து உருக்குங்கள். ஏறத்தாழ 63 டிகிரியில் உருகிவிடும். எண்ணெய் சேர்த்துக் கிளறி இறக்கி ஆறவிட்டால் வெண்ணெய்போல் உறையும். பனியன் துணியில் கொஞ்சம் எடுத்து மெல்லியதாகத் தேயுங்கள். அரைமணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். பலா மரத்தில் இதைத் தேய்க்கும்போது பழுப்புக்கு அடியிலிருந்து தேன்நிறம் எழுந்து வருவதைக் காண்பதற்கென்றே இந்த வேலையைச் செய்யலாம்.

நீர் படும் இடத்துக்கு மெழுகு போதாது. அங்கே வார்னிஷ் அடியுங்கள். ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு எழுப்பும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்து வெளியே காயப்போட்ட பிறகே அப்புறப்படுத்துங்கள்.

இரண்டாவது வேலை: சிரட்டை விளக்கு

சிரட்டையை, அதாவது கொட்டாங்குச்சியை, குறைவாக நினைக்காதீர்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் கறுத்துப் பளபளக்கும் தரையில் சிரட்டைக்கரி கலந்திருக்கிறது. எங்கள் மாவட்டத்து ஈத்தாமொழி ஊரின் நெட்டைத் தேங்காய் புவிசார் குறியீடு பெற்றது. காய் பெரியது, சிரட்டையும் அகலமாக வரும். விளக்குக்கு அதுதான் வாகு. நன்றாக முற்றிய காயின் சிரட்டையாகப் பாருங்கள். இளங்காயின் சிரட்டை வெளிறிக் கிடக்கும், துளையிடும்போது விரியும்.

உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயைக் கத்தியால் குடைய வேண்டாம். இரண்டு நாள் வெயிலில் வைத்தால் சுருங்கித் தானே விட்டுவிடும். துணுக்கு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் எறும்பும் பூஞ்சையும் வரும். வெளித்தும்பை (ஒட்டியிருக்கும் நாரை) கத்தியின் முதுகால் வழித்தெடுங்கள்.

வாய் விளிம்பை நேராக வெட்டுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தடித்த புத்தகம் ஒன்றை மேசையில் வைத்து, அதன்மேல் பென்சிலைப் படுக்கவைத்து ஒரு கையால் அழுத்திப் பிடியுங்கள். மற்றக் கையால் சிரட்டையை மேசையில் கவிழ்த்து, பென்சில் முனையைத் தொட்டபடியே சுற்றுங்கள். சுற்றிலும் ஒரே உயரத்தில் கோடு விழும். அந்தக் கோட்டில் ஹாக்சா பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி அறுங்கள். ஒரே இடத்தில் ஆழமாக இறக்கினால் விரிசல் விடும்.

பிறகு உப்புத்தாள்: 80, 120, 220, 400 என்று வரிசை மாறாமல். 80-இல் நாரின் சொரசொரப்புப் போகும். 120-இல் கீறல்கள் குறையும். 220 முடிந்ததும் நீரில் நனைத்து 400-ஐப் போடுங்கள். அவசரப்பட்டு இடையில் ஒரு எண்ணைத் தாண்டினால், எண்ணெய் போட்ட பிறகு ஒவ்வொரு கீறலும் வெள்ளைக்கோடாகக் காட்டிக்கொடுக்கும். ஒரு சிரட்டைக்கு ஒரு மணி நேரம் ஆகும். பேசிக்கொண்டே செய்யலாம், ஆனால் முகக்கவசத்தோடு. இந்தத் தூசி மாவைவிட மெல்லியது. கடைசியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு உள்ளங்கையால் தேயுங்கள். புளியங்கொட்டைபோல் மின்னும்.

துளைகளுக்கு முதலில் பென்சில் புள்ளி வையுங்கள். சிரட்டையை ஈரமணல் நிறைந்த சட்டியில் கவிழ்த்துப் புதைத்தால் அசையாது. அடியிலும் தாங்கல் கிடைக்கும். முதலில் இரண்டு மில்லிமீட்டர் பிட், பிறகு வேண்டிய அளவு. துளைக்கும் துளைக்கும் நடுவே எட்டு மில்லிமீட்டராவது விடுங்கள். தொடக்கத்தில் சிக்கலான கோலம் வேண்டாம். கண்ணுள்ள பக்கத்திலிருந்து வட்டம் வட்டமாக விரியும் புள்ளிகளே இரவில் சுவரில் அழகாக விழும்.

உள்ளே மூன்று முதல் ஐந்து வாட் எல்.இ.டி. பல்பு மட்டும் போடுங்கள். குண்டு பல்பின் சூட்டில் சிரட்டை கருகும். விளக்கின் எடை மின்கம்பியில் விழக் கூடாது. கயிற்றுத் தும்பில் முறுக்கிய வடத்தில் தொங்கட்டும், கம்பி அதன் பக்கத்தில் தளர்வாக வரட்டும். ஹோல்டர் இணைப்பு தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஓடு, வலை, வேட்டி

மிச்சமானவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மங்களூர் ஓட்டை வாசல் பெயர்ப்பலகையாக்குவது எளிது. பாசியை விறைப்பான பிரஷ்ஷால் நீர்விட்டுத் தேய்த்தால் போதும், ஆசிட் வேண்டாம். துளையிடும்போது டிரில்லின் சுத்தியல் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, நீர் சொட்டவிட்டு மெதுவாக இறக்குங்கள். ஓட்டின் முத்திரையைப் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். பாசல் மிஷன் என்னும் கிறிஸ்தவ அமைப்பு சுட்ட ஓட்டில் 1865 என்று இருந்தால், அந்த ஓடு 1865-இல் சுட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அது மங்களூரில் அந்த ஆலை தொடங்கிய ஆண்டு.

வலையைச் சோப்புநீரில் மூன்று நாள் மாற்றி மாற்றி ஊறவைத்து, வெயிலில் உலர்த்துங்கள். முடிச்சுகளில் சிக்கிய செதிலைத் தட்டி எடுக்காவிட்டால் மழைக்காலத்தில் வாடை திரும்பும். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிப் புகைப்படம் மாட்டலாம், வெங்காயம் தொங்கவிடலாம். நைலான் என்பதால் அடுப்புக்கும் குத்துவிளக்குக்கும் எட்டத்தில் வையுங்கள்.

கிழிந்த வேட்டியையும் நேரியலையும் (மேல்துண்டையும்) இரண்டு விரல் அகலத்தில் நீளவாக்கில் கிழித்து, மூன்று இழையாகப் பின்னி, சுருட்டித் தைத்தால் மிதியடி. கரைப்பட்டையை வெளிச்சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் எழுதுங்கள்

வேலை முடிந்ததும் பொருளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: எந்த மரம், எங்கிருந்து வந்தது, என்ன பூசினீர்கள், எந்த மாதம். வடகிழக்கு மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்து, தளர்ந்த ஸ்குரூவை இறுக்கி, ஒரு கை மெழுகு போட்டுவிட்டுத் தேதியை அடுத்த வரியில் சேருங்கள். நாளைக்கு வேறொருவர் அதைப் பழுதுபார்க்க நேர்ந்தால் எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியும். எங்கள் கண்ணாடியின் பின்னால் இப்படி இருக்கிறது: "பலா. தக்கலை, அத்தை வீடு, தெற்கு அறைச் சன்னல், இடது கதவு. தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய். கொண்டி பழையது."